28 என்றால் எந்த 28? எக்செல் தேதிக் கணக்கில் தொலையும் நூற்றாண்டு

2025 ஆகஸ்ட், சுதந்திர தினத்துக்குச் சில நாள் முன்பு. எங்கள் ஊர் மூத்தோர் சங்கத்தில் 90 வயதைக் கடந்தவர்களுக்குச் சால்வை போர்த்துவதாக முடிவாகியிருந்தது. உறுப்பினர் பட்டியல் எக்செலில் இருந்தது. பிறந்த தேதிக்குப் பக்கத்திலேயே வயதைக் கணக்கிடும் நெடுவரிசை. 90க்கு மேல் என்று ஃபில்டர் போட்டு, அச்செடுத்துப் பொருளாளரிடம் கொடுத்தேன். அவர் ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். "தம்பி, மேலத்தெருப் பாட்டி பேரு எங்கே? ஊர்லயே அவங்கதானே மூத்தவங்க?" என்றார்.

ஃபில்டரை எடுத்துவிட்டுத் தேடினேன். பாட்டியின் பெயர் இருந்தது. பிறந்த தேதி 20-06-28. அதுவும் சரி. வயது என்ற இடத்தில் 2 என்று இருந்தது.

97 வயதுப் பாட்டியைப் பட்டியல் இரண்டு வயதுக் குழந்தையாக வைத்திருந்தது. அவரைப் போல இன்னும் மூன்று பேர். அந்த நால்வரும் 1930க்கு முன் பிறந்தவர்கள். யாருக்காகப் பட்டியல் எடுத்தோமோ, அவர்களில் மிக மூத்தவர்கள் மட்டுமே சொல்லிவைத்தாற்போல் விடுபட்டிருந்தார்கள். அன்று பொருளாளருக்குப் பாட்டியைத் தெரிந்திருந்ததால் பிழை பிடிபட்டது. ஆயிரம் பெயர் உள்ள பட்டியலில் அப்படி யாருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்காது. அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து, அங்கிருந்து நாட்களை எண்ணி, அந்த எண்ணைத்தான் சேமிக்கிறது. 2025 ஜனவரி 1 என்றால் 45658. பாட்டியின் செல்லை வெறும் எண்ணாக மாற்றிப் பார்த்தபோது 46924 என்று வந்தது. அது 2028 ஜூன் 20. உண்மையில் இருந்திருக்க வேண்டியது 10399, அதாவது 1928 ஜூன் 20. இரண்டு எண்ணுக்கும் 36525 நாள் வித்தியாசம், முழுதாக நூறு ஆண்டு. ஆனால் ஃபார்மட் நாள்-மாதம்-இரண்டு இலக்க ஆண்டு என்று இருந்ததால், எந்த எண் உள்ளே இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே 20-06-28தான்.

ஆக, செல்லுக்குள் ஆண்டு எப்போதும் முழுதாகவே இருக்கிறது. அது தொலைவது உள்ளே போகும் வாசலில், பிறகு வெளியே வரும் வாசலில். உள்ளே போகும்போது நாம் 28 என்று மட்டும் அடிக்கிறோம். நூற்றாண்டை நாம் சொல்லவில்லை. எண்ணாக மாற்ற எக்செலுக்கு ஒரு நூற்றாண்டு வேண்டும். அதனால் அதுவே ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது.

எப்படிச் சேர்க்கிறது? நீண்ட காலமாக இருக்கும் விதி இது: 00 முதல் 29 வரை அடித்தால் 2000 முதல் 2029, 30 முதல் 99 வரை அடித்தால் 1930 முதல் 1999. நூறு ஆண்டு அகலமுள்ள ஒரு ஜன்னலை வைத்து, அதற்குள் எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. ஜன்னலின் ஓரம் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம். பழைய எக்செல் 95 வரை அந்த ஓரம் 2019இல் இருந்தது. எக்செல் 97இல் அதை 2029க்குத் தள்ளினார்கள். அண்மைய விண்டோஸ் உள்ள கணினிகளில் 2049 என்று இருப்பதையும் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் ஓரம் சற்றுத் தள்ளிப் போகிறது, ஓரம் என்று ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று: இந்த ஓரம் எக்செல் கோப்பில் இல்லை, கணினியில் இருக்கிறது. விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் ரீஜன் என்பதைத் திறந்து, கூடுதல் அமைப்புகளில் தேதிப் பகுதிக்குப் போனால், இரண்டு இலக்க ஆண்டை எந்த ஆண்டுகளுக்கு இடையில் வைத்துப் படிக்க வேண்டும் என்ற பெட்டி இருக்கும். எக்செலைப் போன்ற தாள் உள்ள இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் அதன் சொந்த அமைப்புகளின் பொதுப் பகுதியிலேயே இதே பெட்டி உண்டு. அலுவலகத்தில் ஒரே பட்டியலை இரண்டு பேர் இரண்டு கணினியில் அடிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒன்றில் ஓரம் 2029, இன்னொன்றில் 2049. 12-04-45 என்று இருவரும் அடித்தால், ஒருவர் தாளில் 1945, இன்னொருவர் தாளில் 2045. இரண்டையும் வெட்டி ஒட்டிச் சேர்த்த பிறகு எந்த வரிசை எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் பட்டியலை 2049 உள்ள கணினியில் அடித்திருந்தால், அந்த நால்வர் போக, 76 வயதிலிருந்து 95 வயது வரை உள்ள கிட்டத்தட்ட எல்லோரும் பிறக்காதவர்கள் ஆகியிருப்பார்கள்.

சரி, பிறக்காதவருக்கு வயது 2 என்று எப்படி வந்தது? கழித்தால் மைனஸ் அல்லவா வர வேண்டும்? இங்கே ஃபார்முலாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நான் பயன்படுத்தியது இயர்ஃபிராக். இரண்டு தேதிக்கும் இடையில் எத்தனை ஆண்டு என்று சொல்லும் ஃபங்ஷன் அது. எது முன், எது பின் என்று அது பார்ப்பதில்லை, இடைவெளியை நேர் எண்ணாகவே தரும். 2025 ஆகஸ்டுக்கும் 2028 ஜூனுக்கும் இடையில் இரண்டே முக்கால் ஆண்டுக்குக் கொஞ்சம் அதிகம். பின்னத்தை வெட்டினால் 2. அதே இடத்தில் டேட்டெடிஃப் போட்டிருந்தால், தொடக்கத் தேதி முடிவுத் தேதிக்குப் பின்னால் இருக்கிறது என்று பிழை காட்டியிருக்கும். நேராகக் கழித்திருந்தால் மைனஸ் எண் வந்திருக்கும். பிழை காட்டும் ஃபார்முலாதான் நல்ல ஃபார்முலா என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். வயதுக் கணக்கில் இயர்ஃபிராக்கைத் தனியாக நம்ப வேண்டாம்.

இந்தத் தொல்லை பழையது. தகவலைத் துளை அட்டைகளில் பதிந்த காலத்தில் ஓர் அட்டைக்கு 80 இடம்தான். பெயர், கணக்கு எண், தொகை, தேதி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆண்டில் 19ஐ விட்டால் ஒவ்வொரு தேதியிலும் இரண்டு இடம் மிச்சம். அட்டையில் நான்கு தேதி இருந்தால் பத்தில் ஒரு பங்கு இடம் மிச்சம். அன்றைய நினைவக விலையில் அது சின்ன விஷயமில்லை. அந்தப் பழக்கம் அட்டையிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து டிஸ்க்குக்கும் போய், இடத்துக்குப் பஞ்சமே இல்லாத காலத்திலும் நின்றுவிட்டது. 1992இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வினோனா ஊரில், 1888இல் பிறந்த 104 வயது மூதாட்டிக்கு மழலையர் வகுப்பில் சேரச் சொல்லி அழைப்பு வந்தது. பிறந்த ஆண்டு 88 என்று மட்டுமே பதிவில் இருந்தது. ஒய்டுகே, அதாவது 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கல், என்று உலகமே பேசியதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடந்தது அது.

2000ஆம் ஆண்டுச் சிக்கலுக்குத் தீர்வு காணும் வேலையில் இந்தியாவின் மென்பொருள் நிறுவனங்கள் பெருமளவு ஈடுபட்டன. இங்கே அதை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். அப்போது இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஒவ்வொரு தேதியையும் நான்கு இலக்கமாக விரித்து எழுதுவது. அதுதான் முழுத் தீர்வு, ஆனால் செலவும் உழைப்பும் அதிகம். மற்றொன்று, தகவலை அப்படியே விட்டுவிட்டு, படிக்கும் இடத்தில் ஒரு ஜன்னலை வைப்பது. எத்தனையோ இடங்களில் இரண்டாவது வழியைத்தான் எடுத்தார்கள். எக்செல் வைத்திருக்கும் ஜன்னலும் அதே வகைதான். அந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இப்போது காலாவதியாகின்றன. ஸ்ப்ளங்க் என்ற மென்பொருள், இரண்டு இலக்க ஆண்டு உள்ள பதிவுகளை 2020 ஜனவரி 1 முதல் சரியாக அடையாளம் காண முடியாது என்று 2019 நவம்பரில் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்து, திருத்தம் போடச் சொன்னது. அதன் விதி 19 வரைக்கும்தான் எழுதப்பட்டிருந்தது.

எக்செலின் 29க்கும் அதிக நாள் இல்லை. உண்மையில், எதிர்காலத் தேதி வைத்து வேலை செய்பவர்களுக்கு அது எப்போதோ வந்துவிட்டது. வீட்டுக் கடனின் கடைசித் தவணை 05-03-41 என்று அடித்துப் பாருங்கள். ஓரம் 2029 உள்ள கணினியில் அது 1941. கடன் முடிய இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டால் மைனஸில் ஆயிரத்துக்கும் மேல் வரும். தேதிவாரியாக அடுக்கினால் அந்தக் கடன் எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், எப்போதோ முடிந்துபோன கடனைப் போல. குத்தகை, காப்பீடு, நிரந்தர வைப்பு, பத்திரம் எல்லாவற்றுக்கும் இதே கதை.

காலாவதி மாதம் என்று வந்தால் இன்னொரு வழுக்கல். மருந்துப் பெட்டியிலும் வங்கி அட்டையிலும் மாதமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும்தான் இருக்கும். ஆங்கில மாதப் பெயரோடு டிசம்பர் 01 என்று அடித்தால் எக்செல் அதை 2001 டிசம்பர் என்று எடுத்துக்கொள்ளாது, நடப்பாண்டு டிசம்பர் 1 என்று எடுத்துக்கொள்ளும். 1 முதல் 31 வரை எந்த எண்ணாக இருந்தாலும் அது நாள் என்பது அதன் முதல் ஊகம். அந்த ஊகம் பொருந்தாவிட்டால்தான் ஆண்டு என்று நினைக்கும். ஜூனுக்கு 31 இல்லை. அதனால் ஜூன் 31 என்று அடித்தால், 2029 ஓரத்தில் அது 1931 ஜூன் 1 ஆகிவிடும். 2030 ஜூனில் காலாவதியாகும் மருந்து நடப்பாண்டு ஜூன் 30க்குப் போகும். 2031 ஜூனில் காலாவதியாகும் மருந்து நூறு ஆண்டு பின்னால் போகும். இரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும் பெட்டிகள்.

அடுத்து, ஃபார்முலாவில் தேதியைக் கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 20-06-15 என்பது எழுத்தாக வந்திருக்கிறது. இடமிருந்தும் வலமிருந்தும் இரண்டிரண்டு இலக்கமாக வெட்டி, டேட் ஃபங்ஷனில் ஆண்டு 15, மாதம் 6, நாள் 20 என்று கொடுக்கிறோம். செல்லில் நேராக அடித்தால் 2015 வருமே, இதிலும் அப்படித்தான் வரும் என்று நினைப்போம். வராது. டேட் ஃபங்ஷன் ஜன்னலைப் பார்ப்பதே இல்லை. 0 முதல் 1899 வரை எந்த எண்ணை ஆண்டாகக் கொடுத்தாலும் அதோடு 1900ஐக் கூட்டிவிடும். 15 கொடுத்தால் 1915. கூகுள் ஷீட்ஸிலும் இதே விதிதான், 119 கொடுத்தால் 2019 என்று வரும். லிப்ரே ஆபீஸின் டேட் மட்டும் இரண்டு இலக்கம் கொடுத்தால் தன் ஜன்னலைப் பார்த்து 2015 என்று சொல்லும். எழுத்தைத் தேதியாக மாற்றும் டேட்வேல்யூவோ எக்செலிலேயே ஜன்னலைப் பார்க்கும். ஒரே மென்பொருளில், ஒரே இரண்டு இலக்கத்துக்கு, எந்த வழியில் போனோம் என்பதைப் பொறுத்து நூறு ஆண்டு வித்தியாசம்.

குமரி மாவட்டப் பக்கம் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். 1120 என்றால் அது 1944-45ஐக் குறிக்கும். அதை அப்படியே டேட் ஃபங்ஷனில் கொடுத்தால் 3020 வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

கணினியை விட்டுக் கணினி, மென்பொருளை விட்டு மென்பொருள் போகும்போது இன்னும் மோசம். பைதான் என்ற நிரல் மொழி 69 முதல் 99 வரை 1900களிலும், 00 முதல் 68 வரை 2000களிலும் வைக்கும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் அதே ஓரத்தை ஒரு ஆண்டு தள்ளி வைத்திருக்கிறது, 70 முதல்தான் 1900கள். இன்னொரு தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் இயல்பு ஓரம் 2049. 1962இல் பிறந்த ஒருவரின் தேதி 62 என்ற வடிவில் எக்செலில் இருந்தவரை 1962தான். அது பைதான் நிரல் வழியாகப் போனால் 2062. அறுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற தலைமுறை முழுவதும் இந்த இடுக்கில் விழுகிறது.

இனி வெளியே வரும் வாசல். இதைத்தான் மிகவும் கவலையோடு சொல்கிறேன், ஏனென்றால் சரியாக இருந்த தகவலை நம் கையாலேயே கெடுக்கும் இடம் இது. பாட்டியின் தேதியை 1928 என்று திருத்திவிட்டோம். செல்லுக்குள் 10399 இருக்கிறது. ஃபார்மட்டை மட்டும் மாற்றவில்லை, பார்வைக்கு 20-06-28தான். இப்போது யாரோ கேட்கிறார்கள் என்று சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, சேமித்து அனுப்புகிறோம். சிஎஸ்வியில் போவது செல்லில் தெரியும் எழுத்து, உள்ளே இருக்கும் எண் போவதில்லை. 20-06-28 என்றுதான் கோப்பில் எழுதப்படும். அவர்கள் திறக்கும்போது எக்செல் அதைப் புதிதாகப் படிக்கும். மறுபடியும் 2028. திருத்தியது வீண். ஆகவே சிஎஸ்வியாக எடுக்கும் முன் தேதி நெடுவரிசை முழுவதையும் நான்கு இலக்க ஆண்டு ஃபார்மட்டுக்கு மாற்றுவது கட்டாயம். ஆண்டு-மாதம்-நாள் என்று 1928-06-20 வடிவில் வைத்தால் நாளா மாதமா என்ற குழப்பமும் போய்விடும். தேதி எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 8601 தரம்கூட முன்பு இரண்டு இலக்க ஆண்டை அனுமதித்திருந்தது. 2004 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள்.

அப்படியென்றால், ஏற்கெனவே இரண்டு இலக்கத்தில் வந்து குவிந்திருக்கும் தகவலை என்ன செய்வது? 28 என்ற எழுத்தில் நூற்றாண்டு இல்லை. எந்த மென்பொருளும் அதிலிருந்து அதை எடுக்க முடியாது. ஆனால் அந்த நெடுவரிசை எதைப் பற்றியது என்று நமக்குத் தெரியும். பிறந்த தேதி எதிர்காலத்தில் இருக்க முடியாது. காலாவதித் தேதி நூறு ஆண்டு பின்னால் இருக்க முடியாது. பணியில் சேர்ந்த தேதி பிறந்த தேதிக்கு முன் வராது. நூற்றாண்டைத் தீர்மானிக்க வேண்டியது இந்த அறிவுதான். கணினி முழுவதற்கும் பொதுவான ஒரே ஜன்னலிடம் அதை ஒப்படைத்ததுதான் கோளாறின் வேர்.

இதற்கு நல்ல உதாரணம் இலங்கையின் தேசிய அடையாள அட்டை. பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் இறுதியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 2016இலிருந்து எண் பன்னிரண்டு இலக்கமானது, ஆண்டு நான்கு இலக்கமானது. 2000இல் பிறந்தவர்கள் 16 வயதை எட்டி அடையாள அட்டைக்கு வந்து நின்ற ஆண்டு அதுதான் என்பதைக் கவனியுங்கள். ஆகவே பழைய எண் என்றாலே பிறப்பு 1900களில். 28 என்று தொடங்கினாலும் 1928தான். ஜன்னலே வேண்டாம், முதல் இரண்டு இலக்கத்தோடு 1900ஐக் கூட்டினால் போதும். எக்செலின் டேட் ஃபங்ஷன் தானாகவே 1900 கூட்டுவது இங்கே சரியான விடையைத் தரும். ஆனாலும் நாமே வெளிப்படையாகக் கூட்டி எழுதுவது நல்லது. அதே தாளை நாளை லிப்ரே ஆபீஸில் திறந்தால் விடை மாறக்கூடாது அல்லவா?

இதிலேயே நாள் எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த எண் எல்லா ஆண்டிலும் பிப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்து எண்ணப்படுகிறது. 57 561 என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 1957, பெண், 61ஆம் நாள். ஜனவரி 31, பிப்ரவரி 29, ஆக 61 என்பது மார்ச் 1. டேட் ஃபங்ஷனில் 1957 ஜனவரி 61 என்று நேராகக் கொடுத்தால் மார்ச் 2 வரும், ஏனென்றால் 1957க்கு பிப்ரவரி 28 நாள்தான். லீப் ஆண்டு இல்லாவிட்டால், 60க்கு மேற்பட்ட நாள் எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் பிசகு யார் கண்ணிலும் படாது. ஆனால் படிவத்தில் அவர் எழுதிய தேதியும் அட்டை எண்ணிலிருந்து எடுத்த தேதியும் பொருந்தாமல் ஒருவரின் விண்ணப்பம் திரும்பிப் போகும்.

எங்கள் பட்டியலுக்கு வருகிறேன். முதலில் தேதி நெடுவரிசையை நான்கு இலக்க ஆண்டுக்கு மாற்றினேன். உடனே 2028, 2027, 2026 என்று மூன்று கண்ணில் பட்டன. இன்றைய தேதியைவிடப் பிந்தியிருந்தால் நூறு ஆண்டு கழி என்று பக்கத்தில் ஒரு ஃபார்முலா. நூறு ஆண்டைக் கழிக்க, தேதியை மாதக் கணக்கில் நகர்த்தும் இ-டேட் ஃபங்ஷனில் மைனஸ் 1200 மாதம் கொடுக்கலாம், அல்லது செல்லிலிருந்து 36525ஐக் கழிக்கலாம். 1901க்கும் 2099க்கும் உட்பட்ட எந்த நூறு ஆண்டிலும் 25 லீப் நாட்கள்தான் வரும் என்பதால் அந்த எண் பிசகாது. வந்த விடையை எண்களாக ஒட்டி, பழைய நெடுவரிசையை அழிக்காமல் ஓரமாக மறைத்து வைத்தேன். என்ன மாற்றினோம் என்று பிறகு யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

அப்புறம் கணினியின் ஓரத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். ஆகாது. ஏற்கெனவே எண்ணாகிவிட்ட தேதிகளை அது தொடாது, இனி அடிக்கப் போவதற்குத்தான் பொருந்தும். அடிக்கும் இடத்தைக் காக்க டேட்டா வேலிடேஷன் போட்டேன், வரம்புக்குள் இருப்பதை மட்டுமே செல் ஏற்கும்படி செய்யும் வசதி அது. அதில் உச்ச வரம்பாக இன்றைய தேதியை வைப்பதுதான் வழக்கம். மூத்தோர் சங்கத்தில் 60க்குக் கீழ் உறுப்பினர் இல்லை என்பதால், இன்றிலிருந்து 720 மாதம் பின்னால் என்று வைத்தேன். இனி யாராவது 28 என்று மட்டும் அடித்தால் செல் ஏற்காது, 1928 என்று முழுதாக அடித்தே ஆக வேண்டும். ஒட்டப்படும் தகவலை மட்டும் இது தடுக்காது. வேறு தாளிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் வேலிடேஷனைத் தாண்டிப் போய்விடும். அதற்காகத் தாளின் தலைப்பில் மிக மூத்த தேதி, மிக இளைய தேதி இரண்டையும் காட்டும் இரண்டு செல் வைத்தேன். தவறான நூற்றாண்டு உள்ளே வந்தால் முதலில் மாறுவது அந்த இரண்டில் ஒன்றுதான்.

தேதி எழுத்தாகவே இறங்கியிருந்தால் எக்செல் செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் காட்டும். அதைத் தட்டினால் 19ஆக மாற்றவா, 20ஆக மாற்றவா என்று கேட்கும். பலரும் அந்த முக்கோணத்தைத் தொந்தரவு என்று நினைத்து மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அணைக்க வேண்டாம். நூற்றாண்டு தெரியவில்லை என்று எக்செல் வாய்விட்டுச் சொல்லும் ஒரே இடம் அது.

மூன்று பேர் சரியானார்கள். நான்காவது பெரியவர் மிஞ்சினார். அவர் தேதி 09-11-22. எக்செல் 2022 என்று படித்திருந்தது. இன்றைய தேதிக்கு முந்தியதுதான் என்பதால் நூறு கழிக்கும் ஃபார்முலா அவரைத் தொடவில்லை. சங்க விதிப்படி அது 1922 ஆகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அப்படியென்றால் அவருக்கு 102 முடிந்து 103 நடக்கிறது. அடித்தவர் 32ஐ 22 என்று அடித்திருந்தால்? இங்கே ஊகிக்க எனக்கு மனம் வரவில்லை.

பொருளாளர் அவர் வீட்டுக்குப் போய்ப் பழைய ஜாதக நோட்டை வாங்கி வந்தார். அதில் ஆங்கிலத் தேதி இல்லை. துந்துபி வருஷம், ஐப்பசி மாதம் என்று இருந்தது.

தமிழ் ஆண்டுப் பெயரும் ஒருவகையில் இரண்டு இலக்க ஆண்டுதான். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர், பிறகு மறுபடியும் பிரபவ. துந்துபி என்று மட்டும் சொன்னால் 1922-23ஆ, 1982-83ஆ தெரியாது. கல்வெட்டு ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலோடு வெகுகாலமாகப் போராடியிருக்கிறார்கள். ஆண்டுப் பெயரோடு சகம் அல்லது கலி ஆண்டும் இருந்தால் எளிது. இல்லாவிட்டால் கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றையும் சேர்த்து, எந்தச் சுற்றில் இவை ஒன்றாகப் பொருந்துகின்றன என்று தேட வேண்டும். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை தொகுத்த பஞ்சாங்க அட்டவணைகள் இதற்காகவே இன்றும் புரட்டப்படுகின்றன. ஒரு சுற்று மட்டும் இருந்தால் பதில் கிடைக்காது, வேறொரு சுற்றை அதன்மேல் வைத்தால் கிடைக்கும்.

பெரியவர் விஷயத்திலும் அதுவே நடந்தது. 22 என்பது நூறு ஆண்டுச் சுற்று. துந்துபி என்பது அறுபது ஆண்டுச் சுற்று. நூறையும் அறுபதையும் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகத் திரும்பி வர 300 ஆண்டாகும். 2022 நவம்பர் சுபகிருது வருஷம். 1932 நவம்பர் ஆங்கீரச வருஷம். 22 என்று முடிந்து துந்துபியாகவும் இருப்பது நம் காலத்தில் 1922 ஒன்றுதான். நவம்பர் 9 ஐப்பசியிலேயே வருகிறது, மாதமும் பொருந்தியது. ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பிறந்தவர்களுக்கு மட்டும் முந்தைய தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும், அதை நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடிப்பிழை இல்லை என்று உறுதியானது. அந்தச் செல்லில் 09-11-1922 என்று முழுதாக அடித்தேன். பக்கத்தில் குறிப்பு என்றொரு புது நெடுவரிசை போட்டு, அவர் பெயருக்கு நேரே துந்துபி, ஐப்பசி, ஜாதக நோட்டு என்று எழுதி வைத்தேன். 15ஆம் தேதி முதல் சால்வை அவருக்குத்தான், இரண்டாவது மேலத்தெருப் பாட்டிக்கு.